குழாய் குடித்த பால்

நாத்தனார் சொன்னபோது அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. டாக்டரும் அதையே சொன்னபோது உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்க பால் கொஞ்சம் தண்ணியா இருக்கு போலம்மா. குழந்தைக்கு எடையே ஏறலை. இந்த வாரமும் ஏறலைன்னா பவுடர் பாலுக்கு மாத்திடலாம்."

அவள் மகள் மாதம் நிறையாமல் பிறந்தவள். உறிஞ்சிக் குடிக்கத் தெம்பில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த அந்தப் பிடி உடம்புக்கு மூக்கு வழியாகப் போகும் மெல்லிய குழாயில்தான் பால். தூக்கிக் கொஞ்ச விடவில்லை, தொடுவதற்கும் கணக்கு. அம்மா என்று அவளால் கொடுக்க முடிந்தது பால் ஒன்றுதான். அதற்கும் வேட்டு வைக்கப் பார்த்தார்கள்.

"நான் அப்பவே சொன்னேன்ல?" என்றாள் நாத்தனார். "நீ கோழி மாதிரி கொத்திக் கொத்திச் சாப்பிட்டா சத்து எங்கேருந்து வரும்?"

அவள் அதை நம்பவில்லை. பீய்ச்சி வைத்த பாலைக் குளிர்பெட்டியில் பார்த்தவள் அவள். மேலே மஞ்சளாகக் கெட்டியாக ஆடை கட்டியிருக்கும். தண்ணீர்ப் பாலில் அது எப்படிக் கட்டும்?

அன்று பால் கொடுத்து முடித்ததும் நர்ஸ், குழாயில் பாலைத் தள்ளும் பம்பிலிருந்து சிரிஞ்சைக் கழற்றிக் குப்பைக்கூடைக்குக் கொண்டுபோனாள். உள்சுவரில் மஞ்சளாக ஏதோ அப்பியிருந்தது.

"சிஸ்டர், அதைக் கொஞ்சம் கொடுங்க."

விரலை விட்டுத் தடவினாள். பிசுபிசுவென்று ஒட்டியது. குழாயைப் பார்த்தாள். அதற்குள்ளும் அதே படலம். ப்ளக் பாயின்ட் எதிர்ச் சுவரில் இருந்ததால் பம்பும் அங்கேயே நின்றது. குழாய் ஊரைச் சுற்றிக்கொண்டு பெட்டிக்கு வந்தது.

"என்ன சிஸ்டர் இது?"

"கொழுப்பும்மா. மெஷின் மெதுவாத் தள்ளுறப்ப மேல மிதந்து ஒட்டிக்கும். எப்பவும் நடக்கிறதுதான்."

"எடை ஏத்துறதே அதுதானே?"

நர்ஸ் குரலைத் தணித்துக்கொண்டாள். "சிரிஞ்ச் நுனி மேல பார்த்து இருந்தா கொழுப்பு முதல்ல போயிடும். இங்க கீழ பார்த்து மாட்டியிருக்கு. குழாயும் குட்டையா இருக்கணும். எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். யாரு மாத்துறது?"

தெரியாமல் செய்திருந்தால்கூட மனது ஆறியிருக்கும். தெரிந்தே செய்திருக்கிறார்கள், தெரிந்தே அவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருக்கிறார்கள். சிரிஞ்சோடு நேரே டாக்டர் முன்னால் போய் நின்றாள்.

"சத்தையெல்லாம் குப்பையில போட்டுட்டு, என் பால் தண்ணின்னு சொன்னீங்களே டாக்டர்! வாய் கூசலையா?"

"சத்தம் போடாதீங்கம்மா. மத்த குழந்தைங்க இருக்காங்க."

"அவங்களுக்கும் சேர்த்துத்தான் போடுறேன்!"

டாக்டர் சிரிஞ்சை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் சுருங்கியது. எழுந்துபோய்ப் பம்பையும் குழாயையும் பார்த்தார். பிறகு குனிந்து பெட்டியின் காலைப் பார்த்தார்.

"இதுக்குத்தான் சக்கரம் இருக்கே," என்றார் மெதுவாக. "பம்பு இருக்கிற சுவர்ப் பக்கம் தள்ளுங்க."

ஒரு தள்ளு. அவ்வளவுதான் வேலை. நர்ஸ் ஒரு துண்டை மடித்துப் பம்புக்கு முட்டுக் கொடுத்து, சிரிஞ்ச் நுனியை மேலே நிமிர்த்தினாள். குட்டைக் குழாய் ஒன்றை மாட்டினாள். இத்தனை நாள் அவளை அழ வைத்தது இந்த ஒரு தள்ளுக்குப் பஞ்சம்தான் என்று நினைத்தபோது, அவளுக்கு அந்தப் பெட்டியையே எட்டி உதைக்கத் தோன்றியது. உள்ளே மகள் இருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அந்த வாரமே எடை முள் நகர்ந்தது.

"எல்லாம் என் கைச் சாப்பாடு," என்று நாத்தனார் பூரித்தாள்.

டாக்டரும் சிரித்தார். "பரவாயில்லையேம்மா! பால் இப்ப நல்லாக் கெட்டியாயிடுச்சு."

அவள் சிரிக்கவில்லை.

"பால் அதே பால்தான் டாக்டர். பெட்டியைத்தான் தள்ளினோம்."