சாட்சிக் கையெழுத்து

"பேனாவைக் குடுக்கச் சொல்லு வஹீதா, போட்டுட்டுப் போறேன், சாயங்காலத்துக்கு மாவு—"

"போடாதீங்கக்கா, அதுல என்ன எழுதியிருக்குன்னு மொதல்ல—"

"என்ன எழுதியிருந்தா எனக்கென்ன? சாட்சிக்குத்தானே கூப்பிட்டே?"

"அதான் தப்பு. உங்களைக் கூப்பிட்டதே தப்பு."

பத்திரம் எழுதும் பிச்சை, பேனாவைத் தன் சட்டைப் பையிலேயே செருகிக்கொண்டார்.

பாலக்கரை வீட்டை வஹீதா விற்கிறாள். முழங்கால் தேய்ந்த கணவர் ஹபீபுல்லாவுக்கு அந்த மாடிப்படி இனி ஆகாது. வாங்குகிறவர் ஜெயக்குமார். சாட்சி, பக்கத்து வீட்டு வியாகுலம்மாள். அவளுடைய இடியாப்ப வண்டி தெருவுக்கு வர ஒரே வழி வஹீதா வீட்டுச் சந்துதான். மாமனார்கள் காலத்தில் வாய்ப்பேச்சாக முடிந்த ஏற்பாடு அது. எந்தப் பத்திரத்திலும் ஏறவில்லை. பிச்சை நாலு எல்லையையும் வாசித்துக் காட்டியபோதுதான், சந்தும் வீட்டோடு சேர்ந்து கைமாறுகிறது என்று வஹீதாவுக்கு உறைத்தது.

"தம்பி, அந்தச் சந்துல அக்காவுக்கு நடை பாத்தியம் இருக்கு. பத்திரத்துல அது வரணும்."

ஜெயக்குமார் நிமிர்ந்தார். "அங்கதாம்மா கார் விடலாம்னு இருக்கேன். ஸ்ரீரங்கத்துல வாடகை வீடு, தெருவுல காரை விட்டுட்டு தெனம் சண்டை. வீடு பாக்க வந்தப்பவே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கணும். பழகிப்போச்சு, சொல்ற விஷயமாவே தோணல. இப்பவாச்சும் சொல்றேன்."

"எனக்கு ஒரு பாத்தியமும் இல்ல தம்பி," என்று வியாகுலம்மாள் குறுக்கே புகுந்தாள். "நான் பின்பக்கமாப் போய்க்குவேன்."

"பின்பக்கம் ஸ்கூல் மதிலு. வண்டியோட ஏறிக் குதிப்பீங்களாக்கா?"

பிச்சை சிரித்துவிட்டார்.

"நீ சும்மா இரு வஹீதா. இதுக்கு முன்னாடி வந்தவங்கல்லாம் பார்த்துட்டுப் போனதோட சரி. இவரும் போயிட்டா ஹபீபுல்லா அண்ணன் அந்தப் படியில எப்படி எறங்குவாரு?"

"உக்காந்து உக்காந்து எறங்குறாரு. இன்னும் கொஞ்ச நாளைக்கு அப்படியே எறங்கட்டும்."

ஜெயக்குமார் பிச்சையைப் பார்த்தார். "இவங்க சொல்லாமலே இருந்திருந்தா?"

"நீங்க செவுரு வச்சிருப்பீங்க சார். அந்தம்மா கேட்டா, அவங்க போட்ட கையெழுத்தையே எடுத்துக் காட்டியிருப்பீங்க. தெரிஞ்ச வில்லங்கத்தை விக்கிறவங்க சொல்லியாகணும்னுதான் சட்டம். கேக்காமலே சொல்றவங்களை நான் இன்னைக்குத்தான் பாக்கறேன்."

"வேணாம்னா சொல்லிடுங்க தம்பி, வருத்தமில்ல," என்றாள் வஹீதா. "அடுத்து வர்றவருக்கு வாசல்லயே சொல்லிக்கறேன்."

"கேக்காதீங்க தம்பி, இவளுக்குப் பிடிவாதம்," என்று வியாகுலம்மாள் பிச்சையின் பையிலிருந்த பேனாவுக்குக் கை நீட்டினாள். அந்தக் கையை வஹீதா பிடித்துக்கொண்டு விடவில்லை.

யார் யாருக்காகச் சண்டை போடுகிறார்கள் என்று ஜெயக்குமாருக்குப் பிடிபடக் கொஞ்ச நேரம் ஆயிற்று. எல்லை எழுதியிருந்த பக்கத்தைத் திருப்பிப் பிச்சையின் முன்னால் வைத்தார். பிறகு வியாகுலம்மாள் பக்கம் திரும்பினார்.

"உங்க வண்டி எவ்வளவு அகலம் இருக்கும்மா?"