நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலும் சக்கர நாற்காலியும் விற்கிற வெண்டலுக்கு, மகள் மேரன் டாக்டராக வேண்டும் என்பதைவிட ஹெல்ஸ்டன் கல்லூரியில் படித்து டாக்டராக வேண்டும் என்பதில்தான் ஆசை. அது அவர் படித்த கல்லூரி. முதலில் நான்கு வருடம் ஏதாவது ஒரு பட்டம், அதற்குப் பிறகுதான் மருத்துவப் பள்ளி. அந்த நான்கு வருடத்தை எங்கே, எந்தப் பாடத்தில் கழிப்பது என்று மே முதல் தேதிக்குள் மேரன் சொல்லியாக வேண்டும். இன்னும் நான்கு நாள்தான் இருந்தது.

ஹெல்ஸ்டனிலும் இடம் கிடைத்திருந்தது, மாநிலப் பல்கலைக்கழகத்திலும் கிடைத்திருந்தது. பாடத்திலும் இழுபறிதான். அப்பா உயிரியல் என்றார். அவள் நிலவியல் என்றாள். ஹெல்ஸ்டனில் இடம் கிடைத்தவர்களுக்கான கூட்டத்துக்குப் போகும் வழியெல்லாம் காரில் அதே பேச்சு.

“கல்லைப் படிச்சுட்டு டாக்டராகப் போறியா நீ?”

“கிட்னியில கல்லு வராதா என்ன? இங்க பாருப்பா, கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ்னு அவங்க கேக்கறதை எல்லாம் எடுத்துட்டா போதும். மெயின் பாடம் எதுன்னு மருத்துவப் பள்ளியில கண்டுக்க மாட்டாங்க. மார்க்கைத்தான் பார்ப்பாங்க. பிடிச்ச பாடத்துலதானே மார்க் வரும்?”

வெண்டல் முன்னால் போன லாரியைத் திட்டினார்.

அவரும் ஒரு காலத்தில் டாக்டராகத்தான் ஹெல்ஸ்டனுக்குப் போனார். ‘ரத்தத்தைப் பார்த்தால் ஆகவில்லை, விட்டுவிட்டேன்’ என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தார். நடந்தது வேறு. மருத்துவப் பள்ளிக்கு விண்ணப்பிக்க, கல்லூரிக் குழு ஒரு பரிந்துரைக் கடிதம் தரும். மூன்றாம் வருடம் அவரைக் கூப்பிட்டு, உன்னால் முடியாது, உனக்குக் கடிதம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். மனைவிக்குக்கூட இது தெரியாது. அதே இடத்தில் மகள் ஜெயித்துவிட்டால் தன் அவமானம் துடைக்கப்பட்டுவிடும் என்று நினைத்தார். பெற்ற மகளை வைத்து இப்படி ஒரு கணக்கா என்று அவருக்கே கூச்சமாக இருந்தது. ஆனாலும் ஆசை விடவில்லை.

கூட்டத்தில் காபியும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். மருத்துவம் படிக்க விரும்புகிறவர்களுக்கு வழிகாட்டும் டோபின் அம்மையார் மேடையேறினார்.

“இங்கேர்ந்து மருத்துவப் பள்ளிக்கு அப்ளை பண்றவங்கள்ல நூத்துக்குத் தொண்ணூத்திரண்டு பேருக்கு இடம் கிடைக்குது” என்றார்.

பெற்றோர் கூட்டம் கை தட்டியது. மேரன் நோட்டில் 92 என்று எழுதி அடிக்கோடு போட்டாள். அப்பாவின் காதருகே குனிந்தாள்.

“பல்கலைக்கழகத்துல பாதிப் பேருக்குத்தான் கிடைக்குது. நீ சொன்னதுதான் சரி போல. இங்கயே சேர்ந்துடறேன். பாடமும் உயிரியலே எடுத்துக்கறேன்.”

நான்கு மாதமாக இந்த வார்த்தைக்காகத்தான் மனிதர் தவம் கிடந்தார். வந்த பிறகு அதில் சந்தோஷம் இல்லை. கடிதம் மறுக்கப்பட்டவர்கள் அந்தத் தொண்ணூற்றிரண்டு கணக்கில் சேர்த்தி இல்லை என்று அவருக்குத் தெரியும். கை தூக்கினார்.

“கடிதம் எல்லாருக்கும் தருவீங்களா?”

“தயாரா இருக்கிற பிள்ளைங்களுக்குத் தருவோம்.”

“முதல் வருஷம் டாக்டராகணும்னு வர்றவங்க எத்தனை பேர்? அதுல கடிதம் வாங்கறவங்க எத்தனை பேர்?”

“அதை நாங்க அப்படிப் பார்க்கிறதில்லை” என்று டோபின் சிரித்தார்.

“நான் இங்க படிச்சப்போ நூத்தி நாற்பது பேர் வந்தோம். முப்பத்தோரு பேருக்குக் கடிதம் கிடைச்சுது. எனக்குக் கிடைக்கலை.”

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. பிறகு டோபின் விடுதிகளைப் பற்றிப் பேசினார், நூலகத்தைப் பற்றிப் பேசினார். எதுவும் அவர் காதில் விழவில்லை.

காருக்குள் ஏறி உட்கார்ந்ததும் மேரன் ஆரம்பித்தாள்.

“ரத்தம்னு சொன்னே.”

“பொய்.”

“அம்மாவுக்கு?”

“தெரியாது. இன்னிக்குச் சொல்லிடறேன்.”

திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் திட்டவில்லை.

“அந்தக் கடிதம் இல்லாம அப்ளை பண்ணவே முடியாதா?”

“முடியும். புரொபசர்ங்ககிட்ட தனித்தனியா எழுதி வாங்கிப் பண்ணலாம். கஷ்டம்தான். ஆனா பண்ணினவங்க உண்டு.”

“நீ எத்தனை இடத்துக்குப் பண்ணினே?”

கடிதம் கிடைக்காததையே அவர் யாரிடமும் சொல்லாததால் இந்தக் கேள்வியைக் கேட்க இத்தனை வருடம் ஆள் இல்லாமல் போயிற்று. தனக்குத்தானேகூட அவர் கேட்டுக்கொண்டதில்லை.

“ஒண்ணுக்குக்கூட இல்லை.”

“ஏம்ப்பா?”

“அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நினைச்சுட்டேன்.”

மேரன் நோட்டில் எழுதிய 92-ஐ அடித்துவிட்டுப் போனை எடுத்து, மாநிலப் பல்கலைக்கழகத்துக்குச் சம்மதம் தெரிவித்தாள். பாடம் என்ற கட்டத்தில் நிலவியல் என்று தட்டினாள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை.

“அங்கயும் ஒருநாள் என்கிட்ட உன்னால முடியாதுன்னு சொல்லுவாங்க” என்றாள். “வீட்டுக்கு வந்து நான் அழுதா, அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நீ சொல்லக் கூடாது. சொல்லுவியா?”

“மாட்டேன்” என்றார் வெண்டல். பதினெட்டு வயதுப் பெண் முன்னால் அழக் கூடாது என்றுதான் பார்த்தார், முடியவில்லை. அவர் அழுது முடிக்கிறவரை மேரன் காரைக் கிளப்பச் சொல்லவில்லை.