மேலே வர மறுத்த காது

மூக்கடைப்பு மாத்திரையை நாக்கில் போட்டு, தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கினார் கடலில் முக்குளிக்கும் டைவர். படகை ஓட்டிக்கொண்டிருந்த மனைவி பார்த்துவிட்டாள்.

"இன்னொரு தடவ அந்தக் காது கிழிஞ்சா அவ்வளவுதான், தண்ணிப் பக்கமே வராதீங்கன்னு டாக்டர் சொன்னாரா இல்லையா?"

"அவருக்கென்ன, சொல்லிட்டு வீட்டுக்குப் போயி தூங்குவாரு. இந்த வயசுல நான் என்ன வேல கத்துக்கறது? நீ இஞ்சினப் பாரு."

அவள் இஞ்சினைப் பார்த்தாள். கேட்க மாட்டார் என்று தெரிந்தும் சொல்லிவைப்பது அவள் வழக்கம்.

கீழே கடலடியில் கிடப்பது பழைய சரக்குக் கப்பல். புயலில் சிக்கியதும் இல்லை, பாறையில் மோதியதும் இல்லை. உடைத்து விற்றால் கூலிக்கே கட்டாது என்று ஆனபின், எண்ணெயைத் துடைத்து, கதவுகளைக் கழற்றி, வேண்டுமென்றே மூழ்கடித்தார்கள். மீனுக்கு வீடு கட்டித் தருகிறோம் என்றார்கள். மீன் எந்த ஆபீசில் போய் மனு கொடுத்தது என்று டைவருக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனாலும் மீன் வந்தது. மீனைப் பார்க்க ஆள் வந்தான். ஆளைக் கூட்டிப்போக இவர் வாய்த்தார்.

இன்றைய ஆள் கணக்கு வாத்தியார். தொந்தியும் சிரிப்புமான மனுஷன். அவர் முதுகில் சிலிண்டரை மாட்டிக்கொண்டே டைவர் சொன்னார்: "ஒரே விஷயம் சார். நான் இருக்கற எடத்துலதான் நீங்க. நான் மேல போகாம நீங்க போகக் கூடாது."

"போக மாட்டேண்ணே. என் பசங்கதான் எதையும் கேக்கறதில்ல, நானாவது கேக்கறேன்."

இறங்கும்போது காது நல்ல பிள்ளையாக இருந்தது. மூக்கைப் பிடித்து ஊதினார், திறந்தது. கப்பலின் சமையலறை, மாடிப்படி, கதவில்லாத அறைகள். பார்த்துப் பார்த்துச் சலித்த துரு. வாத்தியார் ஒவ்வொரு ஜன்னலிலும் முகத்தை வைத்துக்கொண்டு நகர மாட்டேன் என்றார். டைவருக்குத் தண்ணீருக்குள்ளேயே கொட்டாவி வந்தது.

படகிலிருந்து தொங்கிய கயிற்றைப் பிடித்து மேலே ஏறத் தொடங்கியபோதுதான் சனியன் பிடித்தது. மாத்திரையின் வேகம் அடங்கிவிட்டது. உள்ளே போன காற்று வெளியே வர வழியில்லாமல் காதுக்குள் உப்பியது. ஒரு முழம் ஏறினால் ஊசி, இன்னொரு முழம் ஏறினால் கடப்பாரை. இறங்கினால் வலி விட்டது. தாடையை அசைத்தார், எச்சில் விழுங்கினார். பலனில்லை.

வாத்தியாருக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார், மேலே போ என்று. வாத்தியார் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டு இவரைச் சுட்டினார். நீங்கள் வந்தால்தான். டைவர் பிடித்துத் தள்ளிப் பார்த்தார். மனுஷன் கயிற்றைக் கட்டிக்கொண்டு தொங்கினார். சொன்ன சொல்லைத் தட்டாத வாத்தியார் இவர் தலையிலா வந்து விடிய வேண்டும்.

இவரிடம் இன்னும் காற்று இருந்தது. பொறுத்திருந்தால் காது தானாகத் திறந்தாலும் திறக்கும். முன்பு திறந்திருக்கிறது. ஆனால் வாத்தியாரின் மீட்டரில் முள் சிவப்புக்குள் போயிருந்தது. தொந்திக்காரர், காற்றை அள்ளித் தின்றிருந்தார்.

கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் கண்களில் துளி பயமில்லை. டைவருக்கு எரிச்சலாக வந்தது. ஒருவரையும் நம்பாமல் காலத்தை ஓட்டியவர் அவர். தன்னை ஒருத்தன் இப்படி நம்பித் தொலைத்தால் என்ன செய்வதென்று தெரியவில்லை.

பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினார். பாதியில் காதுக்குள் துணி கிழிவதுபோல ஒன்று கிழிந்தது. குளிர்ந்த தண்ணீர் உள்ளே பாய்ந்ததும் கடல் தட்டாமாலை சுற்றியது. எது மேல், எது கீழ் என்று கயிறுதான் சொன்னது.

படகில் ஏறியதும் வாத்தியார் சொன்னார்: "அண்ணே, ஜன்னல்ல ஒரு மீனு என்னையே மொறச்சுப் பாத்துச்சு. நாளைக்கும் வரலாமா?"

டைவரின் வலது காதோரம் வழிந்த ரத்தத்தை மனைவி பார்த்தாள்.

"அவரு மொதல்ல மூச்சு வாங்கட்டும் சார்."

துண்டை டைவரின் மடியில் வைத்துவிட்டுப் போய்ப் படகைத் திருப்பினாள். இவர் துண்டை எடுக்கவில்லை. இடப்பக்கம் இஞ்சின் இரைந்தது. வலப்பக்கம் அலைகள் சத்தமில்லாமல் எழுந்து, சத்தமில்லாமல் உடைந்துகொண்டிருந்தன.