மோட்டாரை நிறுத்தியவன் எழுதும் குளம்

1

ஒரு கதையின் முதல் வாக்கியத்துக்காக ஒரு குளத்து மீன்களைக் கொன்றேன். மிகைப்படுத்துகிறான் என்று நினைக்காதீர்கள். மிகைப்படுத்துவதுதான் என் பிழைப்பு. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அதற்கு வேலை இருக்கவில்லை.

என் அக்காவும் மாமாவும் வெளியூர் போனார்கள். அவர்கள் வீட்டுக்குப் பின்னால் மாமாவின் சொந்த மீன்குளம் இருக்கிறது. மீன் விற்க அல்ல, தூண்டில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க. "ஒரு ராத்திரி வந்து படுத்துக்கோடா. அமைதியா எழுதலாம்" என்றாள் அக்கா. போனேன். ஜன்னலுக்கு வெளியே, தண்ணீருக்குள் காற்றடிக்கும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. 'மழை நின்ற பிறகும்—' கடகட. 'மழை நின்ற பிறகும் அவள்—' கடகட. எழுந்து போய் சுவிட்சை அணைத்தேன். கொஞ்ச நேரத்துக்குத்தான் என்று நினைத்தேன். வாக்கியம் வரவில்லை. தூக்கம் வந்தது.

விடிந்தபோது மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. அவை அப்போது உயிரோடு இருந்தவை, அவையும் பிழைக்கவில்லை. மற்றவை வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன.

(அந்த வாக்கியத்தைப் பிறகு முடித்தேனா என்று கேட்பீர்கள். முடித்தேன். நன்றாக இல்லை.)

2

அந்த மழைக் கதையைத் தூக்கிப் போட்டுவிட்டேன். இது வேறு கதை. இதற்கும் தொடக்கம் சுலபமாக வரவில்லை. முதல் வரைவு இப்படி ஆரம்பித்தது: 'குளம் ஒரு பெரிய கண்ணாடியைப் போல—'

அங்கேயே நிறுத்தினேன். குளத்தைக் கண்ணாடி என்று எழுதுகிறவனை நம்பிக் குளத்தை ஒப்படைக்கக் கூடாது. ஒப்படைத்தால் என்ன ஆகும் என்பதை மேலே பார்த்தீர்கள்.

இரண்டாவது வரைவில் கரண்ட் போய்விடுகிறது. மோட்டார் தானாக நிற்கிறது. கதைசொல்லி எழுந்து ஓடுகிறான், வாளி வாளியாகத் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றி மீன்களுக்குக் காற்று தருகிறான். எழுதும்போதே எனக்கு நானே கைதட்ட வேண்டும்போல இருந்தது. அக்காவுக்குப் படித்துக் காட்டினேன்.

"யாரு, நீ? வாளியிலயா?"

"கதைக்கா."

"இடுப்புப் பிடிச்சிருக்குன்னு குளிக்கற பக்கெட்டையே நகர்த்த மாட்ட. கதையா இருந்தாலும் ஒரு நியாயம் வேணாமாடா?"

இரண்டாவது வரைவும் போயிற்று. சுவிட்சை அணைத்தவன் நான்தான் என்பதிலிருந்தே தொடங்குவது என்று முடிவு செய்தேன். உண்மை என்பதால் அல்ல. அக்கா அடுத்த அறையில் இருந்தாள் என்பதால்.

3

இந்தக் கதையில் எனக்குப் பெரிய தலைவலி மாமா. கதாபாத்திரமாகவும், மனிதராகவும்.

மாமா பல் டாக்டர். காலம் முழுக்க "வலிக்காது, வலிக்காது" என்று சொல்லிக்கொண்டே இடுக்கியை உள்ளே விட்டவர். ஓய்வுபெற்ற பிறகு இந்தக் குளத்தை வாங்கினார். பிடித்த மீனின் வாயிலிருந்து முள்ளைக் கழற்றும்போது அதனிடமும் "வலிக்காது" என்பார். அப்புறம் தண்ணீரிலேயே விட்டுவிடுவார். அப்படிப் பலமுறை பிடித்துப் பலமுறை விட்ட ஒரு கிழட்டுக் கெண்டை இருந்தது. அதற்குச் சம்பந்தி என்று பேர். "வருவாரு, போட்டதை எல்லாம் சாப்பிடுவாரு, முறைச்சுட்டுப் போவாரு" என்பார் மாமா.*

மிதந்தவற்றில் சம்பந்தியும் இருந்தார். தண்ணீரில் காற்று குறைந்தால் பெரிய மீன்தான் முதலில் போகுமாம்.

அன்று காலையே போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சுவிட்ச், தூக்கம், மிதந்த வெள்ளை வயிறுகள். மாமா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "என்ன புழுக்கம் பார்த்தியா மாப்ள, இந்த வருஷம்?" என்றார்.

வந்ததும் மற்ற மீன்களை மூவருமாக அள்ளினோம். சம்பந்தியை மட்டும் மாமா தனியே தூக்கிக்கொண்டுபோய்க் கரைக்கு அப்பால் குழிவெட்டிப் புதைத்தார். துணைக்கு யாரையும் கூப்பிடவில்லை.

அதற்குப் பிறகு அவர் தூண்டிலைத் தொடவில்லை. என்னையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்கிறவர்களிடமெல்லாம் வெயிலைக் காட்டிக்கொடுத்தார். வெயில் அலுத்தால் பாசியை. பாசி அலுத்தால் பழைய தண்ணீரை. அக்காவும் கூடச் சேர்ந்துகொண்டாள். "விடுடா, அதுங்களுக்கு விதி."

உங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன். மன்னிப்புக் கேட்பதற்கு முதலில் ஒரு குற்றம் வேண்டும். இவர்கள் இருவரும் எனக்குக் குற்றத்தையே கொடுக்க மாட்டேன் என்கிறார்கள். 'ஆமாம், உன்னால்தான்' என்று மாமா ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டால், நான் அந்த வீட்டில் மறுபடி நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிடலாம். இந்தக் கதைக்கு வேண்டியது அவ்வளவுதான். எனக்கும்.

* உண்மையான சம்பந்தி வீட்டார் இதைப் படிக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

4

குளத்தைச் சரிசெய்வது என்று அக்காதான் முடிவெடுத்தாள். "மூடிடலாம்" என்று மாமா சொன்ன அன்றைக்கே. நான் சம்பளமில்லாத ஆளாகச் சேர்ந்தேன்.

முதலில் வேலம்பாசி. அடியிலிருந்து மேல்வரை மண்டிக்கிடந்தது. பகலில் இந்தப் பாசியே தண்ணீருக்குக் காற்றைக் கொடுக்கும். இருட்டியதும் கொடுத்ததை எல்லாம் திரும்ப வாங்கிக்கொள்ளும். (அப்படிக் குறையும் காற்றை ராத்திரியில் தண்ணீரில் விடுவதற்காகத்தான் அந்த மோட்டார் என்று இப்போது எனக்குத் தெரியும். நன்றி.) பாதியை வாரி எடுத்தோம். மீதியை விட்டோம், குஞ்சு மீன்கள் ஒளிந்துகொள்ள.

அப்புறம் தண்ணீரைப் பாதிக்குமேல் இறைத்துவிட்டு அடிச்சேற்றை அள்ளினோம். நான் இறங்கிய முதல் நாளே முழங்கால்வரை மாட்டிக்கொண்டேன். ஒரு காலை உருவினால் மற்றது இறங்கியது.

"என்னடா, நின்னுட்ட?" என்றாள் அக்கா கரையிலிருந்து.

"யோசிக்கறேன்."

"யோசிச்சது போதும், ஏறி வா. நீ யோசிச்சா எதாவது சாகுது."

சொன்னவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். நான் ஆவலோடு மாமாவைப் பார்த்தேன். இதோ, வந்துவிட்டது என்று நினைத்தேன். மாமா ஒரு பலகையை எனக்காகச் சேற்றில் போட்டார். "இதுல காலை வை. இந்த மண்ணே ஒரு மாதிரி" என்றார்.

குற்றவாளிப் பட்டியலில் மண்ணும் சேர்ந்தது.

கரையைச் சுற்றிக் கோரை நட்டோம். அல்லிக் கிழங்குகளைத் தொட்டிகளில் மண்போட்டு வைத்து ஆழம் குறைந்த பக்கத்தில் இறக்கினோம். மீதித் தண்ணீரில் சுண்ணாம்பு கரைத்து ஊற்றி, புதுத்தண்ணீர் விட்டு, அது தெளிந்து லேசாகப் பச்சை கட்டும்வரை காத்திருந்தோம். இந்தப் பத்தியில் கதை எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் நிம்மதியாகத் தூங்கியது இந்தப் பத்தியில்தான்.

5

இங்கே மாமாவைக் கோபப்பட வைத்துப் பார்த்தேன். காகிதத்தில்.

'"என் குளத்தை விட்டு வெளியே போ!" என்று மாமா கர்ஜித்தார். அவர் கையிலிருந்த தூண்டில் கழி இரண்டாக—'

அக்கா எட்டிப் பார்த்தாள். "இது யாரு, புது ஆளு?"

"மாமாதான்."

"உங்க மாமா பல் புடுங்க வந்தவனைக்கூட சத்தம்போட்டுப் பயமுறுத்தினதில்ல. கர்ஜிச்சாராம்! கழி வேற ஒடையுதா? அது நான் வாங்கிக் கொடுத்தது."

அந்த வரியை அடித்துவிட்டேன். ஆனால் அடிப்பதற்கு முன் அவளிடம் கேட்டேன்: "அக்கா, நெஜத்தைச் சொல்லு. என்னாலதானே?"

அக்கா காகிதத்தைத் திருப்பித் தந்தாள். "கையெழுத்து ரொம்ப மோசமாயிடுச்சுடா உனக்கு" என்றாள்.

6

மீன்குஞ்சுகள் காற்றடைத்த பிளாஸ்டிக் பைகளில் வந்தன. வண்டிக்காரர் பைகளை அப்படியே குளத்தில் மிதக்கவிட்டார். பைத்தண்ணீரின் சூடும் குளத்துச் சூடும் ஒன்றாக வேண்டும். அதற்கு முன் அவிழ்த்தால் அதிர்ச்சியிலேயே செத்துவிடும்.

"அவுத்துடலாமா?" என்றேன்.

"இரு மாப்ள."

"இப்போ?"

"நீ போய் அந்த மரத்தடியில உக்காரு" என்றார் மாமா. என்னிடம் அவர் பேசியவற்றிலேயே கடுமையான வாக்கியம் அதுதான். ஆசையோடு போய் உட்கார்ந்தேன்.

பிறகு மாமா பையின் வாயைத் திறந்து குளத்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டார். குஞ்சுகள் வாசலில் தயங்கி நின்றன. ஒன்று போனது. அப்புறம் எல்லாம் போயின.

அன்றைய ராத்திரியை எழுதப்போவதில்லை. மோட்டார் ஓடியது. நான் தூங்கவில்லை.

காலையில் தண்ணீர்மேல் ஒன்றும் மிதக்கவில்லை. ஒன்றுமே. (எழுத்தாளன் வாழ்க்கையில் வெற்றுப் பக்கத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது அன்றுதான்.)

7

இப்போது முடிவு வேண்டும். மூன்று எழுதி வைத்திருக்கிறேன். உங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம்.

அ. மாமா மறுபடி தூண்டிலை எடுக்கிறார். கரையில் எனக்கும் ஒரு நாற்காலி போடுகிறார். யாரும் எதுவும் பேசவில்லை. சூரியன்— (வேண்டாம். சூரியன் மறைந்தால் எல்லாக் கதையும் முடிந்த மாதிரிதான் இருக்கும்.)

ஆ. மோட்டார் முன்பே பழுதாகி இருந்தது என்று மெக்கானிக் சொல்கிறார். நான் அணைக்காவிட்டாலும் அது நின்றிருக்கும்.*

இ. இந்தக் கதையை மாமா படிக்கிறார். படித்துவிட்டு, "இந்தப் பேப்பர் நல்ல பேப்பர்" என்கிறார்.

நீங்கள் 'ஆ'வை எடுத்திருந்தால் எனக்கு வருத்தமில்லை. நானும் அதைத்தான் பல நாள் எடுத்து வைத்திருந்தேன்.

* மோட்டாருக்கு ஒரு குறையும் இல்லை. இன்றும் கடகடவென்றுதான் ஓடுகிறது.

8

ஆனால் நேற்று எல்லா முடிவையும் கெடுத்துவிட்டார்கள்.

மீன்கள் எவ்வளவு வளர்ந்திருக்கின்றன என்று பார்க்க வலை இழுப்பது என்று மாமா சொன்னார். வலையின் ஒரு முனை அவர் கையில், எதிர்க்கரையில் மறுமுனை என் கையில். அக்கா பக்கத்துக் கரையில் நின்று இருவரையும் அதட்டினாள்.

"மெதுவா இழு! அல்லி மேல போகுது பாரு. உன்னைச் சொல்லல, அவரைச் சொல்றேன். உன்னையும்தான்."

வலை சுருங்கச் சுருங்கத் தண்ணீர் கொதிப்பதுபோல் துள்ளியது. உள்ளங்கை நீளத்துக்குக் கெண்டைகள், வெள்ளிவெள்ளியாக. அக்கா சின்னப்பெண்போல் கத்தினாள். மாமா ஒன்றைக் கையில் எடுத்துச் செவுளைப் பார்த்தார், வாயைப் பார்த்தார் — பழக்கதோஷம் — தண்ணீரில் விட்டார். சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து வெகுநாளாயிற்று. எனக்கு மூச்சு சீராக வந்தது.

வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். 'அ' முடிவுக்குப் பக்கத்தில்தான் இருந்தேன்.

"மாமா" என்றேன் குளத்தைத் தாண்டி, சத்தமாக. "அன்னிக்கு வெயிலா, பாசியா, நானா?"

அக்கா என்னை முறைத்தாள். மாமா வலையைப் பிடித்தபடி என்னையே பார்த்தார். அந்தப் பக்கம் திரும்பி வானத்தைப் பார்ப்பார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை.

"நீதான்" என்றார். "நீ அணைச்சதாலதான் செத்துது. வேற ஒண்ணும் இல்ல. குளம் காலியா கிடந்தப்ப இதைச் சொல்லியிருந்தா நீ இந்தப் பக்கமே வந்திருக்க மாட்ட. கயித்தைத் தளர்த்தாத மாப்ள, உன் பக்கம் வலை இறங்குது."