எண்ணெய் பூசிய கண்ணாடி

சித்தேரியை விட்டு வேன் கிளம்பினதிலிருந்தே யுவராணிக்கு இருப்புக் கொள்ளவில்லை. மூணு மணிக்குள் தருமபுரி போய்ச் சேர்ந்தால்தான் மகள் கனிமொழிக்கு நர்சிங் சீட்டு. இன்றைக்குத்தான் கடைசி நாள். போதாக்குறைக்கு, மடியில் ஒளித்து வைத்த புகையிலைப் பொட்டலம் வேறு உறுத்தியது. "காலேஜுக்குள்ள வரணும்னா அந்தக் கருமத்த வூட்டுலயே வெச்சுட்டு வா. இல்லன்னா வேன்லயே குந்திக்க" என்று காலையிலேயே சொல்லிவிட்டான், வேனை ஓட்டும் புருஷன் குரு. கலியாணத்துக்கு முந்தின பழக்கம், சொன்னதும் விட்டுப் போகுமா?

மலை இறங்க ஆரம்பித்ததுமே மழை பிடித்துக்கொண்டது. முன்கண்ணாடியில் ரோடே தெரியவில்லை. வைப்பர் ரப்பர் போன வருசமே கிழிந்தாயிற்று. அதுகூடப் பரவாயில்லை. மகள் படிக்கப் போகிற பூரிப்பில் தேங்காய் எண்ணெய்த் துணியால் வேனைத் துடைத்துப் பளபளப்பாக்கிய மகராசன் குரு, அதே துணியால் கண்ணாடியையும் ஒரு இழுப்பு இழுத்திருந்தான். சுத்தமான கண்ணாடி என்றால் தண்ணீர் பரவி வழியும், ரோடு ஒருவாறு தெரியும். எண்ணெய் பட்டதில் அது ஒட்டமாட்டேன் என்று முத்து முத்தாகத் திரண்டு நின்றது. ஒவ்வொரு முத்திலும் ரோடு ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு போனது.

குரு ஓரங்கட்டி, துண்டால் தேய்த்தான். எண்ணெய் இன்னும் இழுபட்டதுதான் மிச்சம். "மழ உடட்டும், போலாம்" என்றான்.

"அதுக்குள்ள மணி மூணாயிடும்பா." கனிமொழி அழுதுவிடுவாள் போலிருந்தது.

மழையில் லாரிக்காரர்கள் கண்ணாடியில் புகையிலை தேய்ப்பதை யுவராணி பார்த்திருக்கிறாள். மானம் போனால் போகிறது என்று இறங்கினாள். மடியை அவிழ்த்து, புகையிலையில் பாதியை நனைத்துக் கசக்கி, கண்ணாடி முழுக்க அழுத்தித் தேய்த்தாள். பழுப்புச் சாறு வழிந்தது. எண்ணெய் பிடி விட்டது. முத்துகள் ஒன்றோடொன்று சேர்ந்து மெல்லிசாகப் பரவின. அதற்கு அந்தப் பக்கம் ரோடு தெரிந்தது. குரு வண்டியை எடுத்தான். மலையடிவாரம் தாண்டியும் அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

காலேஜ் வாசலில் நின்றபோது மூணாக இன்னும் கொஞ்சம் இருந்தது. கனிமொழி இறங்கி ஓடினாள். யுவராணி உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. சொன்ன பேச்சு சொன்னதுதானே.

குரு சுற்றிவந்து அவள் பக்கத்துக் கதவைத் திறந்தான். அவள் பழுப்பேறிய கையை அவசரமாக முந்தானையில் துடைத்தாள்.

"தொடைக்காத, அப்பிடியே வா புள்ள" என்றான். "மிச்சத்த பத்திரமா வெச்சுக்க. திரும்பறப்பவும் மழ வரும்."