பெரியவளின் பேர்

“நல்லாத் தூக்கிப் புடிம்மா. ஆம்பளைங்க நிக்கிறாங்க.”

ஐரீன் புடவை முனையைத் தலைக்கு மேல் உயர்த்தினாள். நான்கு பெண்கள் பழைய புடவைகளை மறைப்பாகப் பிடித்து நிற்க, நடுவில் பலகை மேல் பச்சையம்மாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். மறைப்புப் பிடிப்பவர்கள் வெளியே பார்த்துத்தான் நிற்க வேண்டும். ஐரீனின் முதுகுக்குப் பின்னால் தண்ணீர் விழும் ஓசை கேட்டது. சீயக்காய் வாசனை வந்தது. திரும்பிப் பார்க்க அவள் கழுத்து ஏங்கியது.

மாதா கோயிலில் பூசை முடிந்து நேராக வந்திருந்தாள். சந்தின் முனையில், “கடலைக் கிடங்கு பச்சையம்மா வூடு எது?” என்று கேட்டபோது, “பந்தல் போட்டுக்கீதே, அதான்” என்றார்கள். வாசலில் போய் நின்றதும் யாரோ புடவை முனையை அவள் கையில் திணித்துவிட்டார்கள். போன ஞாயிற்றுக்கிழமை இதே சந்து முனை வரைக்கும் வந்து, கால் வராமல் திரும்பிப் போயிருந்தாள். அன்றைக்குப் பச்சையம்மா உயிரோடு இருந்தாள்.

பக்கத்து மூலையைப் பிடித்திருந்த கெங்கம்மா அவளை உற்றுப் பார்த்தாள். “இன்னா பொண்ணு, நெத்தி மூளியா கீது? அறுத்தவளா?”

“இல்ல. வேதக்காரங்க.”

“கிடங்குல கூட வேல செஞ்சவளா? நான் பாத்ததில்லியே.”

ஐரீன் எதற்கோ தலையாட்டினாள்.

குளிப்பாட்டி முடித்து, புதுப்புடவை சுற்றி, கூடத்தில் பாயில் தெற்கே தலை வைத்துக் கிடத்தினார்கள். பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு சுற்றி உட்கார்ந்தார்கள். ஐரீனுக்கு யார் தோளும் இல்லை. சுவரோரம் ஒதுங்கினாள். அங்கிருந்து பாதங்கள் மட்டும் தெரிந்தன. கடலைத் தொலி மேல் நடந்து நடந்து வெடித்த பாதங்கள்.

“பெரியவளப் பாக்காமலே போறியே, என் தாயீ!” என்று கெங்கம்மா மாரில் அடித்துக்கொண்டாள். ஓய்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டு சுவரோரம் வந்து சாய்ந்தபோது ஐரீன் கேட்டாள்:

“பெரியவள்னா யாரு?”

“இவ தலச்சன் பொண்ணு. எம்டன் கப்பல்காரன் குண்டு போட்டான் இல்ல, அப்ப தொலஞ்சா. ஊரே மூட்டையக் கட்டிகினு ஓடுது. இவ நெறமாசம், இந்த மலர்க்கொடி வயித்துல. கொயந்தையத் தூக்க முடியாம கையப் புட்சிகினு போயிருக்கா. ராயபுரம் டேசன் கூட்டத்துல கை வுட்டுப் போச்சி. அதுக்கப்புறம் எத்தினி வருசம்! கூலி வாங்குன கையோட தேடப் போயிருவா.”

ராயபுரத்தில் கை விட்டுப்போன கதை ஐரீனுக்கு ஏற்கெனவே தெரியும். போன தபசு காலத்தில், ஈஸ்டருக்கு முன்னால், அவளை வளர்த்த அடைக்கலமேரி இறந்தாள். நாற்பதாம் நாள் பூசை முடிந்த அன்று, வளர்த்த தகப்பன் இக்னேஷியஸ் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அப்போது அவருக்கு ராயபுரம் ஸ்டேஷனில் வேலை. அழுதுகொண்டு நின்ற குழந்தையை வீட்டுக்குக் கொண்டுபோனார். நான்காம் நாள் நிறைமாதக்காரி ஒருத்தி ஸ்டேஷனுக்கு வந்து, தன் பேரும் தண்டையார்பேட்டைக் கிடங்கின் அடையாளமும் சொல்லி விசாரித்தாள். “அவளுக்குத்தான் வயித்துல ஒண்ணு கீதே. நமக்கு இன்னா கீது?” என்றாள் பிள்ளையில்லாத அடைக்கலமேரி. அரக்கோணத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார்கள். திரும்பி வரும்போது ஐரீன் தாவணி போட்டிருந்தாள்.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மலர்க்கொடி தண்ணீர் எடுக்கப் பின்கட்டுக்குப் போனாள். ஐரீன் எழுந்து அவள் பின்னாலேயே போனாள். என்ன சொல்வதென்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை.

“அந்தப் பெரியவ... நான்தான்.”

மலர்க்கொடி சொம்பைத் தொட்டியின் விளிம்பில் வைத்தாள். அழுது வீங்கிய கண்களால் அவளை மேலும் கீழும் பார்த்தாள். கத்துவாள் என்று ஐரீன் நினைத்தாள்.

“உன்ன மாரி முன்னயும் வந்தாங்க,” என்றாள் களைப்பாக. “ஒருத்தி ஒரு மாசம் இங்கயே இருந்து சோறு துன்னுட்டு, அம்மா கம்மலக் கயட்டிகினு போனா. வர்ற அல்லார் மூஞ்சிலயும் அவ ஜாடை தெரியும் எங்கம்மாவுக்கு.”

“ராயபுரம் டேசன்லதான் எங்கப்பா என்ன எடுத்தாரு. அவரே சொன்னாரு.”

“டேசன்னு அல்லாருந்தான் சொன்னாங்க. எங்கம்மா தெருத்தெருவா சொல்லிகினு போன கதையாச்சே அது.”

உள்ளே ஒப்பாரி ஏறி இறங்கியது.

“கம்மல் போன அன்னிக்கி அம்மா ஒண்ணு சொல்லிச்சி,” என்றாள் மலர்க்கொடி. “அவளுக்கு வச்ச பேர மட்டும் யார்ட்டயும் சொன்னதில்ல, இனியும் சொல்றதில்ல, வர்றவ வாய்லேந்து அது வரணும், வந்தா நம்புவேன்னு. சொல்லு, இன்னா பேரு?”

ஐரீன் கண்ணை மூடினாள். அவளுக்கு நினைவு தெரிந்த முதல் இடம் அரக்கோணத்து ரயில்வே குடியிருப்பின் கிணற்றடி. ஈரக் கையோடு அடைக்கலமேரி “ஐரீன்” என்று கூப்பிடுகிறாள். அதற்கு முன்னால் போகப் பார்த்தாள். கூட்டம் இல்லை, குண்டு விழுந்த தீ இல்லை, ஒரு கை கூட இல்லை.

“தெரியல. நான் அப்ப சின்னக் கொயந்த.”

மலர்க்கொடி சொம்பை எடுத்துக்கொண்டாள்.

“உனுக்குத் தெரியுமா, அந்தப் பேரு?” என்று கேட்டாள் ஐரீன்.

“எனுக்கா? எங்களுக்கு அவ எப்பவும் பெரியவதான். கேட்டா, உன் வாய்லேந்து வெளிய போயிடும்னு சொல்லும். தம்பிக்கும் தெரி...” அவள் நிறுத்தினாள். சொம்பு கையில் அப்படியே நின்றது. கூடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். “இனிமே யாரு வந்து இன்னா பேரு சொன்னாலும்...”

வெளியே பறை முழங்க ஆரம்பித்தது. தம்பி பரசுராமன் மொட்டைத் தலையும் ஈரவேட்டியுமாகக் கொள்ளிச்சட்டியோடு நின்றான்.

வாய்க்கரிசிக்குக் கூப்பிட்டார்கள். உறவுப் பெண்கள் ஒவ்வொருவராய்ப் போட்டுவிட்டு விலகினார்கள். மலர்க்கொடி தன் முறை முடிந்ததும் முறத்தை ஐரீன் பக்கம் நகர்த்தினாள். “யாரா இருந்தாலும் போட்டுட்டுப் போ. அது ஒண்ணும் சொல்லாது.”

ஐரீன் குனிந்தாள். அப்போதுதான் அந்த முகத்தைப் பார்த்தாள். கன்னம் ஒட்டி, வாய் உள்வாங்கி, மூக்கில் பஞ்சு வைத்த ஒரு கூலிக்காரக் கிழவியின் முகம். புருவத்தில், நெற்றியில், மோவாயில் தேடினாள். தினமும் கண்ணாடியில் பார்ப்பது எதுவும் அங்கே இல்லை. பின்னால் நின்றவள் “சீக்கிரம்மா” என்றாள். அரிசி விரல்களிலிருந்து உதிர்ந்தது.

பெண்கள் தெருமுனை வரைதான் போனார்கள். பாடை கிடங்கு மதிலோரம் திரும்பி மறைந்தது. எல்லாரும் தெருக்குழாயடிக்கு வந்தார்கள். கெங்கம்மா மலர்க்கொடியை உட்கார வைத்துத் தலையில் குடம் குடமாக ஊற்றினாள். பிறகு, ஓரமாக நின்ற ஐரீனைப் பார்த்தாள்.

“ஊராரு அவுங்கவுங்க வூட்ல முழுகிக்கலாம். ஒறவுக்காரங்க இங்கயே முழுகணும். நீ எப்பிடி?”

மலர்க்கொடி முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைக்காமல் உட்கார்ந்திருந்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

ஐரீன் கழுத்துச் சிலுவையை ரவிக்கைக்குள் தள்ளிவிட்டு, அவள் பக்கத்து ஈரக் கல்லில் போய் உட்கார்ந்தாள். கெங்கம்மா குடத்தைக் கவிழ்த்தாள்.

ஐரீன் ஈரப்புடவையோடு ரயில் பாதை ஓரமாகவே ராயபுரத்துக்கு நடந்தாள். எதிரே வந்தவர்கள் அவள் வந்த இடம் தெரிந்து வழிவிட்டார்கள். வீட்டில் இக்னேஷியஸ் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். சோறு மூடியபடியே இருந்தது. அவள் தலையைப் பார்த்தார். முடியிலிருந்து ஒழுகித் தோள் நனைந்திருந்ததைப் பார்த்தார்.

கோயிலில் சாயங்கால மணி அடித்தது. அவர் வழக்கம்போல எழுந்து மாதா படத்துக்கு முன்னால் நின்று, கைகூப்பி, ஜெபத்தின் முன்பாதியைச் சொன்னார். பின்பாதியை அடைக்கலமேரி சொல்லுவாள். அவள் போன பிறகு ஐரீன்தான் சொல்லிவந்தாள். அவர் நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். மணி அடித்து ஓய்ந்தது. முதுகைத் திருப்பாமல் இன்னொரு முறை முன்பாதியை மெல்லச் சொன்னார்.

ஐரீன் கதவருகே நின்று முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.