ஊன்றாத கால்

செண்பகவல்லி அப்பாவிடம் சொன்னவை எல்லாம் சின்னச் சின்னப் பொய்கள்தான். சனி, ஞாயிறு ஓவர்டைம் என்று ஒன்று. காதில் ஒயரை மாட்டிக்கொண்டு முணுமுணுப்பது புரமோஷனுக்குப் படிக்கிற பாடம் என்று ஒன்று. இப்போது அவரை அண்ணன் வீட்டில் விட்டுவிட்டுப் போவது பெங்களூரில் டிரெயினிங்குக்காக என்று ஒன்று. அவள் போவது ஜப்பானுக்கு. அன்று ராத்திரி விமானம். எப்போது திரும்புவாள் என்று அவளுக்கே தெரியாது.

இவற்றையெல்லாம்கூட எப்படியோ சமாளித்துவிடலாம். அன்று காலை தாராவியிலிருந்து சான்பாடாவில் அண்ணன் பேச்சிராஜாவின் வீட்டுக்கு அவன் ஓட்டும் டாக்ஸியில் போகும்போது அவளை அரித்தது வேறொரு பொய். அது மதினி பிரேமலதாவிடம் சொன்னது. "நல்லா நிப்பாரு மதினி. கையப் பிடிச்சிக்கிட்டா போதும், கால ஊனிருவாரு" என்று போனில் அடித்துச் சொல்லியிருந்தாள். அப்பா நிற்க மாட்டார். அவர் காலை ஊன்றி மாதக்கணக்காகிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அது வெட்டவெளிச்சமாகிவிடும்.

பிரேமலதா கெட்டவள் இல்லை. முதுகில் ஆபரேஷன் ஆனவள். "மாமா நிப்பாருன்னா நான் பாத்துக்குவேன் செம்பகம். தூக்கணும்னா என்னால ஆகாது, சாஃபா சொல்லிட்டேன். உங்கண்ணன் காலைல வண்டி எடுத்தா ராத்திரிதான் வராரு. அப்போ பத்லாபூர்ல ஒரு ஹோம் இருக்கு, அங்கதான் விடணும்" என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். அந்த ஹோமை செண்பகவல்லி ரகசியமாகப் போய்ப் பார்த்துவிட்டும் வந்திருந்தாள். வரிசையாகக் கட்டில்கள், ஒரே ஒரு ஆயா, சுவரைப் பார்த்துப் படுத்திருந்த கிழவர்கள். ஒரு ஆயாவால் அத்தனை பேரை என்ன செய்ய முடியும் என்பது ஆயா வேலை பார்க்கிற அவளுக்குத் தெரியாதா?

ஆமாம், செம்பூரில் ஒரு நர்சிங் ஹோமில் வார்டு ஆயா. கட்டிக்கொடுத்த இடம் ஒத்துவராமல் அப்பாவிடமே திரும்பி வந்தவள். முப்பத்தைந்து முடிவதற்குள் ஊர்பட்ட கிழவிகளெல்லாம் அவளைச் சின்னம்மா என்கிற மாதிரி 'மௌசி' என்று கூப்பிட்டார்கள். அப்பா இசக்கிப்பாண்டி வாஷி மார்க்கெட்டில் வெங்காய மூட்டை தூக்கியவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் குளிக்கிற மோரியிலேயே சரிந்தார். வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது, ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் நெடுநேரம் தேடல்.

ஜப்பானில் முதியோர் இல்லங்களில் ஆள் போதவில்லை, மாட்டுங்காவில் ஒரு ஏஜென்சி பாஷையும் சொல்லிக்கொடுத்து வேலையும் வாங்கித் தருகிறது என்று கேள்விப்பட்டு அவள் போய்ச் சேர்ந்தாள். அப்பாவின் வைத்தியத்துக்காகத்தான் போகிறேன் என்று கேட்டவர்களிடம் சொன்னாள். அதில் பாதி உண்மை. மீதிப் பாதி, அவளுக்குப் போக ஆசையாக இருந்தது. கதவைச் சாத்தினால் தனக்கே தனக்கென்று ஓர் அறை, ஜன்னல், சாயங்காலம் யாருக்கும் பதில் சொல்லாமல் ஒரு டீ. இதை நினைத்தால் அவளுக்கு மனசு பறந்தது, உடனே கூசவும் செய்தது. வேறொரு நாட்டுக் கிழவர்களுக்குக் கால் பிடித்துவிட, சொந்த அப்பாவை விட்டுவிட்டு இத்தனை சந்தோஷமாக எந்த மகளாவது கிளம்புவாளா?

எல்லாம் அந்த வீடியோவில் ஆரம்பித்தது.

போன மழைக்காலம். சயான் ஆஸ்பத்திரியில் பிஸியோதெரபி டாக்டர் அப்பாவை வாக்கரைப் பிடித்து நிற்க வைத்திருந்தார். "இதே மாதிரி விடாமல் செய்தால் தீபாவளிக்குள் கைத்தடியோடு நடப்பார்" என்றும் சொல்லியிருந்தார். அந்தச் சமயத்தில் ஏஜென்சியில் ஒரு வீடியோ கேட்டார்கள். கட்டிலில் கிடக்கும் நோயாளியை ஒற்றை ஆளாக எழுப்பி நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். நோயாளி கொஞ்சமும் உதவக் கூடாது. அதைப் பார்த்துத்தான் ஜப்பானில் ஆள் எடுப்பார்களாம்.

பக்கத்து ரூம் அக்தர் பானு போனைப் பிடித்துக்கொண்டாள். செண்பகவல்லி டியூட்டிக்குப் போகும் நேரத்தில் அப்பாவை எட்டிப் பார்த்துக்கொள்வதும் அவள்தான்.

"அப்பா, டாக்டருக்கு வீடியோ அனுப்பணுமாம். கால ஊனாதிய. முழு பாரத்தையும் எம்மேல விட்ருங்க" என்றாள் செண்பகவல்லி.

அவர் தலையாட்டினார். ஆனால் நிற்கப் பழகியிருந்த கால் சும்மா இருக்குமா? அவள் தூக்கியதும் தானாகத் தரையில் ஊன்றியது. மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் ஊன்றியது. மூன்றாம் தடவை அவளுக்குச் சுள்ளென்று வந்துவிட்டது.

"எத்தன தடவ சொல்ல? பொணம் மாதிரி கெடங்கப்பா!"

சொன்ன மறு நிமிஷமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அக்தர் பானு நிலைமையைச் சரிபண்ணுகிறேன் என்று, "சரி விடுட்டி, இப்ப நல்லா எடுப்போம். ஜப்பான்காரன் இதத்தான் பாக்கப் போறானாக்கும்?" என்றாள். செண்பகவல்லி அவளை முறைத்து உதட்டில் விரலை வைத்தாள். அப்பா கண்ணை மூடியிருந்தார். அடுத்த தடவை அவர் அசையவில்லை. கை, கால், கழுத்து, எல்லாம் தொங்கின. மூட்டை சுமந்து இறுகிய அந்த உடம்பின் முழு பாரமும் அவள் மேல் வந்து விழுந்தது. "ஓகோஷிமாஸ் நே" என்று, எழுப்புகிறேன் என்பதற்கு வகுப்பில் சொல்லிக்கொடுத்ததைச் சொல்லி, மூச்சைப் பிடித்து அவள் அவரைத் தூக்கி உட்கார வைத்தாள்.

மறுநாளிலிருந்து அப்பா காலை ஊன்றவில்லை.

அசதி என்று நினைத்தாள். வாரம் போயிற்று. "ஊனுங்கப்பா, ஊனுவிய இல்ல?" என்று கெஞ்சிப் பார்த்தாள். "முடியல" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் அவர் தேடவே இல்லை. பிஸியோவுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம்தான். ஆனால் எடுத்த லீவெல்லாம் வகுப்புக்கும் மெடிக்கலுக்கும் போய்விட்டது. காலையும் மாலையும் அவரைத் தூக்கினாள். தூக்கும்போதெல்லாம் பாடம் மறந்துவிடாமல் இருக்க, "ஓகோஷிமாஸ் நே" என்றும், மெதுவாக என்பதற்கு "யுக்குரி, யுக்குரி" என்றும் வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அப்பாவின் கால் நாளுக்கு நாள் சூம்பியது. தன் வாயிலிருந்து விழுந்த அந்தச் சொல்தான் பலித்துவிட்டது என்று அவள் நம்பினாள். யாரிடமும் சொல்லவில்லை. இதை யாரிடம் சொல்ல முடியும்?

தேர்வாகிவிட்டாய் என்று தீபாவளிக்கு முன்னாலேயே போன் வந்தது. தண்ணீர்க் குழாயடியில் அக்தர் பானுவின் காதில் மட்டும் சொன்னாள். அப்பாவிடம் விசா வந்ததும் சொல்லலாம் என்று இருந்தாள். விசா வந்தது. டிக்கெட் வரட்டும் என்று தள்ளிப்போட்டாள். டிக்கெட் வந்தபோது பெங்களூர் டிரெயினிங் என்று வாயில் வந்தது. பொங்கலும் போய்விட்டது.

சான்பாடாவில் காரிலிருந்து அப்பாவை வீல்சேருக்கு மாற்றும்போது பேச்சிராஜாவுக்கே மூச்சு வாங்கியது. "என்னம்மா, நிப்பாருன்னு சொன்ன? துணிமூட்ட மாதிரி வாராரு?"

"கார்ல உக்காந்து கால் மரத்துப்போயிருக்கும்ண்ணே" என்றாள் செண்பகவல்லி. கூசாமல் வந்தது. பழக்கம்.

மேலே பிரேமலதா ஓர் அறையை ஒழித்து, கட்டில் போட்டு, பக்கத்திலேயே கமோடு நாற்காலியும் வாங்கி வைத்திருந்தாள். செண்பகவல்லி அந்த நாற்காலியின் கையைத் தொட்டுப் பார்த்தாள். இவ்வளவு செய்திருக்கிறவளிடம் போய்ப் பொய் சொல்லியிருக்கிறோமே. அப்பாவைக் கட்டிலில் இருத்திவிட்டு டீ குடிக்கப் போனார்கள். அவளை ஏர்போர்ட்டில் கொண்டு விடுவதற்கு முன்னால் வண்டிக்கு கேஸ் போட்டு வரப் பேச்சிராஜா புறப்பட்டுப் போனான். கொஞ்ச நேரத்தில் அப்பா உள்ளேயிருந்து இருமினார். அது அவர் பாத்ரூமுக்குக் கூப்பிடுகிற இருமல். செண்பகவல்லி டம்ளரைப் போட்டுவிட்டு ஓடினாள்.

"நீ இரு செம்பகம்" என்று பிரேமலதா அவளைத் தாண்டிப் போனாள். "நாளைக்கு நான்தான பண்ணணும்? நீ இருக்கறப்பவே ட்ரையல் பாத்துடறேன்."

"மதினி, இன்னிக்கு வேண்டாம், அவருக்கு அலுப்பு..."

"அரே, என்ன அலுப்பு, கார்ல வந்தவருக்கு? மாமா, என் தோளப் புடிச்சுக்கங்க."

பிரேமலதா அவர் அக்குளில் கை கொடுத்தாள். செண்பகவல்லி வாசற்படியில் நின்றுவிட்டாள். எல்லாம் முடிந்தது, பத்லாபூர்தான், இல்லையென்றால் டிக்கெட்டைக் கிழித்துப் போட வேண்டியதுதான் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, அப்பா இடது கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்தார். வலது காலை இழுத்து, பாதத்தைத் தரையில் வைத்தார். ஊன்றினார். கால் வெடவெடவென்று நடுங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"அரே வா! சூப்பர் மாமா!" என்றாள் பிரேமலதா. "நீ சொன்ன மாதிரியே நிக்கறாரே செம்பகம். நான்தான் வீணா டென்ஷன் ஆயிட்டேன்."

செண்பகவல்லிக்கு உயிர் திரும்பி வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். இத்தனை மாதம் தன் இடுப்பை ஒடித்துக்கொண்டு தூக்கியதும், ராத்திரியெல்லாம் விழித்துக் கிடந்து தன்னையே திட்டிக்கொண்டதும் நினைவுக்கு வந்தன. மதினி அடுக்களைக்குப் போகிறவரை காத்திருந்து, கதவைச் சாத்திவிட்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

"என்னப்பா இது? மதினி கை வச்சா மட்டும் கால் வருதோ? முடியல முடியலன்னு எங்கிட்ட சொன்னியளே, அது என்னது?"

அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். "சும்மா" என்றார்.

"சும்மாவா?"

"அவளுக்கு... முதுகு... சரியில்ல."

"எம் முதுகு என்ன இரும்பா?"

அவர் வார்த்தையைத் தேடினார். அவள் விடாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். "நீ... படிக்கிறவ" என்றார். "கொறச்ச மூட்டையில... பழகுனா... நெற மூட்ட... ஏறும்போது... இடுப்பு போயிரும்." மார்க்கெட்டில் புதிதாகச் சேருகிற ஆட்களிடம் அவர் சொல்கிற பேச்சுதான். விழாத இடது கையைத் தூக்கி எங்கோ தூரமாகக் காட்டினார். "அங்க உள்ள கெழவன்... ஊன மாட்டான்லா."

"எங்க உள்ள கெழவன்?"

"சப்பான்ல."

 அக்தர் பானு வாய் தவறியதும், அப்பா கண்ணை மூடிக் கிடந்ததும் செண்பகவல்லியின் கண்முன் வந்தன. அன்றைக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்துதான், தினமும் காலையும் மாலையும், அவள் அந்தப் பாஷையைச் சொல்லித் தூக்கத் தூக்க, அவர் தன் முழு பாரத்தையும் அவளுக்குப் பாடமாகக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். அவள் கெஞ்சியபோதும் கொடுத்திருக்கிறார்.

"பாஸாயிட்டியா?" என்று கேட்டார் அப்பா.

முகத்தில் அப்படி ஓர் ஆவல். அவள் அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். "ஆயிட்டேம்ப்பா."

அவர் சிரித்தார். கோணிய வாயில் பாதிச் சிரிப்புதான் வரும், அது வந்தது. "எப்பம்?"

நேத்துதான் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. எத்தனையோ சொன்னவளுக்கு இன்னும் ஒன்று சொல்வதற்கு என்ன? ஆனால் அவள் முகத்துக்கு நேரே அந்தக் கால் இருந்தது. ஆடுதசை கரைந்து, எலும்பின் மேல் தோல் தளர்ந்து, சற்றுமுன் நின்ற நடுக்கம் இன்னும் ஓயாமல்.

"தீவாளிக்கு முன்னாலயேப்பா" என்றாள்.

அப்பாவின் சிரிப்பு மெல்ல இறங்கியது. அவர் அவளைப் பார்க்கவில்லை. குனிந்து தன் வலது காலைப் பார்த்தார். தீபாவளிக்குள் நடப்பார் என்று டாக்டர் சொன்னபோது அவரும் பக்கத்தில்தான் இருந்தார். இடது கையை எடுத்து முழங்காலில் வைத்து, கீழே வரைக்கும் தடவிக்கொண்டு வந்தார். வெளியே அடுக்களையில் பிரேமலதா அப்பளம் பொரிக்கும் சத்தம் கேட்டது.

அவர் திட்டுவார் என்று செண்பகவல்லி காத்திருந்தாள். திட்ட வேண்டும் என்று மனதார ஆசைப்பட்டாள். இரண்டு வார்த்தை கேட்டிருந்தால் அந்தப் பாவத்தில் கொஞ்சமாவது இங்கேயே கழிந்திருக்கும்.

"சொல்லிருந்தா..." என்று ஆரம்பித்தவர், அடுத்த வார்த்தை கிடைக்காமல் கொஞ்சநேரம் வாயை அசைத்தார். "சொல்லிருந்தா... நடந்து வந்து... ஒன்னிய... ஏத்தி விட்ருப்பேன்லா?"

ஒரு பஸ்ஸைத் தவறவிட்டவர் சொல்கிற மாதிரிதான் சொன்னார். கீழே பேச்சிராஜா வந்துவிட்டான் போலிருக்கிறது, ஹாரன் கேட்டது. செண்பகவல்லி அந்தக் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கத்தான் வேண்டும்.